பெரட்டில் ஐயாவு, நிரையில் செல்லாயி

செல்லாயிக்கு அன்று காலை வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. கொண்டையை இடது கையாலேயே சுருட்டிச் செருகிக்கொண்டாள். இரண்டு முனையிலும் ரப்பர்ப்பால் வாளி தொங்கும் காண்டாக் கம்பு வருஷக்கணக்காக உட்கார்ந்து அழுத்தியதில், தோள்பட்டையில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு காய்ப்பு. டிசம்பர் மழை தொடங்கினால் அதற்கு உயிர் வந்துவிடும். தைலம் தேய்க்கலாம் என்றால் தேய்க்க வேண்டிய கையின் மணிக்கட்டும் வீங்கிக் கிடந்தது.

"மணி அஞ்சாச்சு. தேத்தண்ணி எங்க?" முன்னறையிலிருந்து ஐயாவு குரல் கொடுத்தான்.

"அடுப்புல இருக்கு. ரெண்டு எட்டு வச்சா எடுத்துக்கலாம்."

"பாத்தியாடா உன் அண்ணி வாயை," என்று அவன் தம்பியிடம் சிரித்தான். பத்துமலை பாயில் புரண்டு படுத்தான். ஈப்போ புந்தோங்கில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவன். முந்தின நாள் சாயங்காலமே ஹோண்டாவில் சுங்காய் வந்து, அங்கிருந்து செம்மண் சாலையில் பத்து கட்டை, அதாவது பத்து மைல், தள்ளியிருக்கும் இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். அண்ணன் மேல் பாசம் பொங்கி வரவில்லை. தோட்டம் கைமாறிவிட்டது. மாதக் கடைசியோடு ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்ப்பனை போடப் போகிறார்கள். பழைய ஆட்களுக்கு இன்றைக்கு நஷ்டஈடு. அதற்குத்தான் வந்திருந்தான்.

ஐயாவின் பேருக்கு இரண்டாயிரத்து இருநூறு வெள்ளி. பதினோரு வருஷம் பதினாலாம் நம்பர் நிரையில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்ததற்கு.

அந்த நிரையில் ஐயாவு ஒரு மரம் கூட வெட்டியதில்லை.

செல்லாயி பதினாலு வயதில் கத்தி பிடித்தவள். தாயும் தகப்பனும் இதே தோட்டம், பிறந்ததும் இதே லயத்து வீட்டில். ஆனால் பிறப்புப் பத்திரம் ஜப்பான்காரன் காலத்தில் எங்கே போனதோ யாருக்கும் தெரியாது. பத்திரம் இல்லாததால் குடியுரிமை இல்லாதவர்களுக்கான அடையாள அட்டை, சிவப்பு ஐசிதான் கிடைத்தது. அறுபத்தொன்பதாம் வருஷத்துக்குப் பிறகு சிவப்பு ஐசிக்காரர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்று ஆனபோது, தோட்டத்தில் சிவப்பு ஐசி ஆண்களுக்கெல்லாம் ஆபீசிலிருந்து பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டார்கள். செல்லாயி போய்க் கேட்டாள். ஆபீசில் கணக்கெழுதும் சீனி கிராணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "புருஷன் இருக்கிற பொம்பளைக்கு எதுக்கு பெர்மிட்டு? ஐயாவுக்கு நீல ஐசிலா. அவன் பேர்ல நிரையைப் போட்டுடறேன். நீ வெட்டு. சம்பளம் ஒரே வீட்டுக்குத்தானே வருது?"

ஐயாவு அப்போது சாக்கடை வெட்டுகிற வேலையில் இருந்தான். மண்வெட்டியை வைத்துவிட்டான். விடிகாலை பெரட்டில், பேர் கூப்பிடும்போது, வரிசையில் நின்று "இருக்கேன்" என்பான். பிறகு மாடுகளை அவிழ்த்துக்கொண்டு போவான். செல்லாயி வாளியையும் காண்டாவையும் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போவாள். பால் ஸ்டோரில் அவள் கொண்டுவரும் பாலை ஐயாவு பேரில் நிறுத்து எழுதுவார்கள். சம்பள நாளில் ஐயாவு கையெழுத்துப் போடுவான். மாட்டுப்பால் விற்கிற காசு அவன் சட்டைப்பையில். ரப்பர்ப்பால் காசும் அவன் சட்டைப்பையில்.

இதெல்லாம் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் விசேஷமாகவும் தோன்றவில்லை. செல்லாயிக்கே தோன்றவில்லை, நேற்று சாயங்காலம் வரைக்கும்.

நேற்று பத்துமலை சோற்றைப் பிசைந்துகொண்டே, "பணத்தைப் பட்டறையில போட்டா அண்ணன் எனக்குப் பாதிப் பங்காளி," என்றான். "எல்லாரும் என் வீட்டுக்கே வந்திருங்க. என் பொண்டாட்டியும் மாசமாயிருக்கா. நவமணி இருந்தா புள்ளைங்களப் பாத்துக்கும்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த மகள் நவமணி தலையைத் தூக்கினாள். எஸ்.ஆர்.பி. பரீட்சை எழுதிவிட்டு, வந்த ரிசல்ட்டைத் துணிக்கு நடுவில் மடித்து வைத்திருந்தாள். அந்த லயத்தில் மூன்றாம் படிவம் தாண்டிய முதல் பெண்.

"அவ பாரம் நாலு படிக்கப் போறா," என்றாள் செல்லாயி. "அந்தப் பணத்துல புந்தோங்குல தனியா ஒரு ரூம் எடுக்கணும். ஸ்கூலுக்குக் கட்டணும்."

"பொட்டப்புள்ளைக்குப் பாரம் மூணே அதிகம்," என்றான் ஐயாவு. "அதுவுமில்லாம இது என் பேர்ல வர்ற காசு."

அவன் கத்திச் சொல்லவில்லை. சாதாரணமாக, ஊறுகாய் கேட்கிற குரலில் சொன்னான். செல்லாயி தட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், கழுவின தட்டையே மறுபடியும் மறுபடியும் கழுவினாள்.

*

பெரட்டுக்குப் போனபோது ஆபீஸ் முன்னால் வழக்கமில்லாத கூட்டம். நிரைக்குப் போகிற அவசரத்தில் யாரும் இல்லை. புது முதலாளியின் ஆள் சோங், வெள்ளைச் சட்டையும் ரப்பர் பூட்சுமாக, மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சீனி கிராணி நின்றார். அவர் நிற்பதைப் பார்த்ததே ஜனங்களுக்குப் புதுசு.

சோங் மலாயில் பேசினார். கிராணி தமிழில் சொன்னார். ஆள்கணக்கு எழுதும் செக்ரோலில் வேலை செய்யாத பேர்கள் இருப்பதாகக் கம்பெனிக்குத் தகவல் வந்திருக்கிறது. பேயின் பேருக்குக் கம்பெனி பணம் கொடுக்காது. அதனால் பால் வெட்டுகிறவர் ஒவ்வொருவரும் ஆபீசை ஒட்டி நிற்கிற மரங்களில் ஆளுக்கொன்றில் ஒரு வெட்டு வெட்டிக் காட்ட வேண்டும். காட்டினால் பாதிப் பணம் இப்போதே. மீதிப் பாதி முப்பத்தொன்றாம் தேதி. அதுவரைக்கும், மழை நாள் தவிர, எந்த நிரை ஒரு நாள் வெட்டாமல் கிடந்தாலும் அந்தப் பேருக்கு இரண்டாவது பாதி கிடையாது.

கூட்டத்தில் சிரிப்பு. "வெட்டிக் காட்டணுமாம்லா! சோறு தின்னு காட்டச் சொல்லலையே," என்றாள் முத்தம்மா. புருஷன் செத்த பிறகு தன் பேரிலேயே வெட்டுகிறவள். வாய்க்குப் பூட்டு கிடையாது.

ஐயாவு சிரிக்கவில்லை. முகத்தில் ரத்தம் வற்றிப் போயிருந்தது. வரிசையில் பதினாலாவது ஆள். மெதுவாகப் பின்னுக்கு நகர்ந்து, வாளிகளோடு ஓரமாக நின்ற செல்லாயியிடம் வந்தான்.

"ஏ புள்ள. கத்தியை எந்தப் பக்கம் வைக்கணும்? வலதா, இடதா?"

செல்லாயி அவனைப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் நிரைப் பக்கம் ஒரு நாள் வந்து அவள் என்ன செய்கிறாள் என்று பார்த்திருந்தால் கூட இந்தக் கேள்விக்கு வேலை இருந்திருக்காது.

"பணம் யாருக்கு?" என்றாள்.

"இப்ப அதுவா பேச்சு? மூணு பேரு முடிச்சிட்டாங்க."

"இப்பத்தான் பேச்சு. நீங்க மரத்துக்கிட்ட போயிட்டா அப்புறம் என்ன பேச்சு இருக்கு?"

அவன் பல்லைக் கடித்தான். மரத்தடியில் நாலாவது ஆள் வெட்டி முடித்தான். சோங் தலையாட்ட, கிராணி பேருக்கு நேரே கோடு போட்டார். ஐந்தாவது ஆள் போனான்.

"காசு வரலன்னா ரெண்டு பேருக்கும் இல்லடி. உனக்கும்தான் இல்ல."

"எனக்கு எப்பவும் இல்ல. புதுசா ஒண்ணும் நட்டமில்ல."

ஆறாவது ஆள். ஏழாவது ஆள். ஐயாவின் கழுத்தில் வேர்வை இறங்கியது.

"சரி. சரி. நவமணி படிப்புக்குத்தான். ரூம் எடுப்போம். போதுமா?"

"முத்தம்மா அக்கா," என்று செல்லாயி கூப்பிட்டாள். "இங்க வாங்க. இவரு சொல்றதக் கேட்டுக்குங்க."

"என்னய்யா, கலியாணம் மறுபடியுமா?" என்றபடி முத்தம்மா வந்தாள்.

ஐயாவு நிலத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னான். பணம் நவமணி படிப்புக்கு. முத்தம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தத் தடவை கேலி பேசவில்லை.

செல்லாயி தன் இடது கையை நீட்டினாள். முழங்கைக்குக் கீழே, உள்பக்கத்தில், விரல்நகத்தால் சாய்வாக ஒரு கோடு கிழித்தாள். "இதுதான் மரம்னு வச்சுக்குங்க. மேல இடது பக்கம் ஆரம்பிக்கணும். வலது பக்கமா இறக்கி இழுத்துக்கிட்டே வரணும். தள்ளக்கூடாது, இழுக்கணும். தோலு வெத்தல கனத்துக்குச் சீவிக்கிட்டு வரும். அழுத்துனா உள்ள மரக்கட்டை தெரிஞ்சிரும். கட்டை தெரிஞ்சா முடிஞ்சுது கதை. காலை மாத்தி மாத்தி வச்சு மரத்தச் சுத்திப் போகணும், கை மட்டும் போனா பத்தாது."

அவன் அந்தக் கோட்டின் மேல் தன் விரலை வைத்து இழுத்துப் பார்த்தான். கல்யாணமான புதிதில் தொட்டதற்குப் பிறகு அவன் அந்தக் கையை அவ்வளவு கவனமாகத் தொட்டதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

"ஐயாவு! பதினாலாம் நிரை!" கிராணி கூப்பிட்டார்.

*

அவன் கத்தியை வாங்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனான். நின்ற விதம் சரிதான். கத்தி வைத்த இடமும் சரிதான். ஆனால் வைத்த கணத்திலேயே கூட்டத்தில் ஒரு சலசலப்பு. நேற்று வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை முதலில் உரித்து எடுக்க வேண்டும். உரிக்காமல் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள். செல்லாயி அதைச் சொல்ல மறந்துவிட்டாள். மறந்தாள் என்று கூடச் சொல்ல முடியாது. அது அவள் கை தானாகச் செய்கிற காரியம். அதைச் சொல்லித்தர வேண்டும் என்பதே அவள் நினைப்பில் வரவில்லை.

கத்தி ஒட்டுப்பாலில் சிக்கி நின்றது. ஐயாவு பதறி அழுத்தினான். அது வழுக்கி, தோலைப் பிளந்து உள்ளே இறங்கியது. வெள்ளையாகக் கட்டை தெரிந்தது, கட்டைவிரல் நீளத்துக்கு. பால் கோட்டில் ஓடாமல் மரத்தின் மேலேயே வழிந்து வேரில் சொட்டியது. கீழே பால் பிடிக்கும் மங்கு காலியாக இருந்தது.

சோங் எழுந்து வந்து காயத்தைப் பார்த்தார். எத்தனை வருஷமாக வெட்டுகிறாய் என்று கேட்டார். பதினொன்று என்றான் ஐயாவு.

"மரத்தைக் கேட்டால் பதினோரு நிமிஷம் என்று சொல்லும்," என்றார் சோங். கிராணி இதை மொழிபெயர்க்கவில்லை. மலாய் புரிந்தவர்கள் சிரித்தார்கள். புரியாதவர்கள் ஐயாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். சோங் கிராணியிடம் திரும்பி, அந்தப் பேரை அடிக்கச் சொன்னார்.

கிராணி பேனாவின் மூடியைத் திறந்தார்.

செல்லாயி வாளியை வைத்துவிட்டு நடந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஐயாவின் கையிலிருந்து கத்தியை எடுத்தாள். அவன் விரல்கள் தானாக விட்டன. அடுத்த மரத்துக்குப் போனாள். இடது கை காய்ந்த பாலை ஒரே இழுப்பில் நூலாக உரித்து இடுப்புப் பைக்குள் போட்டது. கத்தி ஏறியது. தோளில் நெருப்பு வைத்தது போல் இருந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி மூன்று எட்டு வைத்தாள். தோல் ஒரே சுருளாக வந்து காலடியில் விழுந்தது. பால் வெள்ளைக் கோடாகப் புறப்பட்டு, சாய்வில் இறங்கி, தகர மூக்கில் ஏறி, மங்கில் சொட்டத் தொடங்கியது.

மங்கில் விழும் சொட்டுச் சத்தம் கேட்டது.

"யார் இது?" என்று கேட்டார் சோங்.

"அவன் பெண்ஜாதி, துவான்," என்றார் கிராணி.

"பேர் எங்கே?"

"பேர் இல்லை, துவான். சிவப்பு ஐசி."

"பெர்மிட்?"

கிராணி பேனாவை மூடித் திறந்தார்.

சோங் குனிந்து மங்கில் சேர்ந்த பாலைப் பார்த்தார். பெர்மிட் இல்லாதவளைப் பதினோரு வருஷம் வேலை வாங்கியது என்று எழுதினால் அது லேபர் ஆபீஸ் வரைக்கும் போகும். தோட்டத்தை வாங்கியவர்களுக்கு அந்தத் தலைவலி எதற்கு? செக்ரோலில் இருப்பதும் மரத்தில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் போதும்.

"இந்த மரத்தை வெட்டியது யார்?" என்றார் கிராணியிடம்.

கிராணிக்கு விளங்கிவிட்டது. "ஐயாவு, துவான்."

"நல்ல வெட்டு. எழுது."

பக்கத்து மரத்தில் கட்டை தெரிந்த காயத்தின் மேல் பால் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. "நம்ம ஐயாவுக்கு என்னா கைலா!" என்று முத்தம்மா உரக்கச் சொன்னாள். "சேலை கட்டிக்கிட்டு வந்தில்ல வெட்டுது!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஐயாவு மேஜைக்கு முன்னால் போய்க் கையெழுத்துப் போட்டான். எழுத்து கட்டத்தை விட்டு வெளியே போயிற்று. கிராணி உறையைக் கொடுத்தார். ஆயிரத்து நூறு வெள்ளி.

ஆபீஸ் படியில் பத்துமலை நின்றிருந்தான். எல்லாவற்றையும் பார்த்திருந்தான்.

"என்னண்ணே," என்றான், பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி. "இனிமே உறையைத் திறக்கணும்னா அண்ணிகிட்டக் கேட்டுத்தான் திறப்பியா?"

மறுபடியும் சிரிப்பு. ஐயாவின் காது சிவந்தது. செல்லாயி நாலு எட்டில் நின்றாள். முத்தம்மா அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். ஐயாவு இரண்டு பேரையும் பார்க்கவில்லை. உறையைப் பிரிக்காமலே தம்பியின் கையில் வைத்தான்.

"எடுத்துக்கிட்டுப் போடா. ஆம்பள சொன்னா சொன்னதுதான்."

"எப்பச் சொன்னதய்யா?" என்றாள் முத்தம்மா. "அப்பச் சொன்னதா, இப்பச் சொன்னதா?"

ஹோண்டா புறப்பட்டு, செம்மண் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போயே போய்விட்டது.

*

செல்லாயி சத்தம் போடவில்லை. அழுவாள் என்று பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். வாளிகள் இரண்டையும் தூக்கி வந்து ஐயாவின் காலடியில் வைத்தாள். காண்டாக் கம்பை அவற்றின் மேல் குறுக்கே கிடத்தினாள். கத்தியைத் துணியில் துடைத்து, பிடிப்பக்கத்தை அவன் பக்கம் நீட்டினாள்.

"என்னடி இது?"

"பதினாலாம் நிரை. நானூத்தி இருபது மரம். உங்க பேர்தான். போய் வெட்டுங்க."

"வெளையாடாத. மணி ஏழரை ஆச்சு. பால் நின்னுரும்."

"நிக்கட்டும்."

"ஒரு நாள் விட்டா மீதிப் பாதி போயிரும்லா! கிராணி சொன்னது காதுல விழல?"

"விழுந்துச்சு. உங்க பேர்ல வர்ற காசு. போனா உங்க பேர்லதான் போகும்."

ஐயாவு கை ஓங்கினான். அவள் நகரவில்லை. ஓங்கின கை அந்தரத்தில் நின்றது. சுற்றி ஐம்பது பேர். மேஜையிலிருந்து சோங் பார்த்துக்கொண்டிருந்தார். அடித்து அவள் தோள் முறிந்தால் மரத்தை யார் வெட்டுவது என்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். கை இறங்கியது.

"என்ன வேணும் உனக்கு?"

"மீதிப் பாதி என் கைக்கு வரணும். கிராணி கையிலேருந்து என் கைக்கு. நடுவுல யாரும் வேணாம்."

"செக்ரோல்ல பேர் இல்லாத ஆளுக்கு எப்படிக் குடுப்பேன்?" என்றார் கிராணி.

செல்லாயி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "பேர் இல்லாத ஆளு வெட்டுன பாலை எப்படி நிறுத்து எழுதுனீங்க? அதே மாதிரிக் குடுங்க. இல்லாட்டி நான் லேபர் ஆபீசுக்கே நடந்து போயி என் ஐசியக் காட்டுறேன். எனக்குக் காசு கிடைக்காது. உங்களுக்கு என்ன கிடைக்கும்னு பாப்போம்."

கிராணி சோங்கைப் பார்த்தார். சோங் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது முடித்துக்கொள் என்பதற்கு அடையாளம். கிராணி ஒரு தாளை எடுத்து எழுதினார்: பேருக்குரியவர் சார்பாக மனைவி செல்லாயி இரண்டாவது தவணையைப் பெற்றுக்கொள்ளலாம். செல்லாயிக்குப் படிக்கத் தெரியாது. நவமணியைக் கூட்டி வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். பெண் ஓடி வந்து, மூச்சு வாங்க, தாளை இரண்டு தடவை உரக்கப் படித்தாள். அதன் பிறகுதான் ஐயாவு கையெழுத்துப் போட்டான். தேதியும் போடச் சொன்னாள். போட்டான்.

"இப்பவாவது போறியா?" என்றான்.

"போறேன். மாட்ட நீங்க பாத்துக்குங்க."

காண்டாவை வலது தோளில் வைக்க முடியவில்லை. இடது தோளுக்கு மாற்றினாள். அந்தப் பக்கம் காய்ப்பு இல்லை. கம்பு நேராக எலும்பில் உட்கார்ந்தது. நிரைக்குப் போய்ச் சேரும்போது எட்டு மணி. வெயில் ஏறிப் பால் குறைந்துதான் வந்தது. நானூற்று இருபது மரத்தையும் வெட்டினாள். முப்பத்தொன்றாம் தேதி வரைக்கும் மழை நாள் ஐந்து போக எல்லா நாளும் வெட்டினாள். ஒவ்வொரு நாளும் பெரட்டில் ஐயாவு "இருக்கேன்" என்றான்.

கிராணி செல்லாயி கையில் கொடுத்த மீதிப் பாதி, ஆயிரத்து நூறு வெள்ளியை எண்ணிப் பார்த்து நவமணிதான் முடிந்து வைத்தாள். ஜனவரியில் புந்தோங்கில் கோயிலுக்குப் பின்னால் ஒரு அறை எடுத்தார்கள். மாடுகளை விற்ற காசும் பட்டறைக்கே போனதால், அங்கே பாதிப் பங்காளியான ஐயாவு, தம்பி வீட்டில் படுக்க இடமில்லாமல் அந்த அறைக்குத்தான் வந்து சேர்ந்தான். அபுபக்கர் சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவ ஐசி கேட்கவில்லை. செல்லாயி அங்கே போனாள். நவமணி நான்காம் படிவம் சேர்ந்தாள்.

முதல் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த நவமணியிடம் செல்லாயி ஒரு பழைய நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நவமணி எழுதினாள். ஐயாவு பாயில் படுத்திருந்தான், கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

முதல் பாதி, ஆயிரத்து நூறு வெள்ளி. ஐயாவு செல்லாயிக்குத் தர வேண்டியது. இன்னும் தரவில்லை.